எடைமேடை

ஞாயிற்றுக்கிழமை பாகாவ் ஆலைக்கு லாரி வராது.
செம்பனைக் குலை நிறுக்கும் மேடையில்
என் காடி ஏறி நிற்கிறது.
பெயர் சாகா.
சாகாது என்று சொல்லித்தான் விற்றான் ஆ லோய்,
மூவாயிரம் வெள்ளி, ரோட் டேக்ஸ் இல்லாமல்.

பின்சீட்டு இப்போது வீட்டு ஹாலில்.
அக்கா அதில் சாய்ந்து சீரியல் பார்க்கிறாள்,
பெல்ட் இரண்டு பக்கமும் தொங்குகிறது.
விரிப்பு, ரேடியோ, கதவின் உள்தோல்,
தரையோடு ஒட்டிக் கிடந்த தார்த்தகடு.
அதை மட்டும் மூன்று இரவு உளியால் சுரண்டினேன்,
நகத்துக்குள் இன்னும் இருக்கிறது.

இஞ்சினில் கைவைக்கவில்லை.
கூட்டு எடுத்த காசெல்லாம் நிற்பதற்கே போயிற்று:
பாதியாய் அறுத்துக் கப்பலில் வந்த
ஜப்பான் காடியின் டிஸ்க்,
சீக்கிரம் கொதிக்காத பிரேக் எண்ணெய், புது பேட்.
“வேகமாப் போக ஒண்ணும் வாங்கலையா?”
எல்லாரும் கேட்டார்கள்.
போன முறை பதினைந்தாம் வளைவில்
மிதி பஞ்சாய் உள்ளே போனபோது
அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

எடையறைச் சன்னலில் புஷ்பலீலா:
“எண்ணூற்று எண்பது!”
தொள்ளாயிரத்து அறுபதிலிருந்து.
நெஞ்சு நிமிர்ந்தது.

“ஏறி உட்காரு, பார்க்கலாம்.”
உட்கார்ந்தேன். பெல்ட்டும் போட்டேன், ஏனோ.
சிவப்பு எண்கள் துடித்து, யோசித்து, நின்றன.
அவள் சொல்லவில்லை. சிரிப்பு மட்டும்
ஒலிபெருக்கியில் வந்தது,
காலி முற்றம் தாண்டி,
குவிந்து கிடந்த குலைகள் வரை.

கிராண்டில் அச்சடித்த அதே தொள்ளாயிரத்து அறுபது.

சிப்பாங்குக்கு இன்னும் ஆறு வாரம்.
காலையில் வாங்கிய இரண்டாவது நாசி லெமாக்கை
பொட்டலம் பிரிக்காமல்
அவளிடமே நீட்டினேன்.