குறைதீர் நாள்

தேவகோட்டை அலுவலகத்தில்
திங்கள்கிழமை மனுக்களை நான்தான் பிரிப்பேன்.
பட்டா ஒரு பக்கம், முதியோர் பணம் ஒரு பக்கம்,
எதிலும் சேராதது மேசைக்குக் கீழே
அட்டைப் பெட்டியில்.

செங்கரைவயல் காலனி,
புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டிக் கிழக்கே.
அவர்கள் கேட்டது ஒரு பாதை,
வீட்டிலிருந்து சுடுகாட்டுக்கு.
இருநூற்றுப் பத்து மீட்டர்.
நடுவில் ஒருவர் வயல். அவர் யாரென்று
எல்லோருக்கும் தெரியும். கோப்பில் மட்டும்
எதிர்மனுதாரர்.

பதினோரு ஆண்டு, பதினான்கு மனு.
எழுதியவர் முத்திருளன், ஆலையில் மூட்டை தூக்குபவர்.
ஒவ்வொன்றிலும் கடைசி வரி
"ஆவன செய்ய வேண்டுகிறேன் அய்யா."
நான் ஆவன செய்தேன்.
எண் போட்டேன், நில அளவருக்கு அனுப்பினேன்,
திரும்பி வந்ததும் சிவப்பு மையில் எழுதினேன்
"தீர்வு செய்யப்பட்டது."
மாதக் கணக்கில் நிலுவை பூஜ்யம்.
ஒருமுறை அதற்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட.

அதே வருடம் கானாடுகாத்தான் பக்கம்
பெரிய வீடொன்றில் ஷூட்டிங்.
கேரவன் திரும்ப இடமில்லை என்றார்கள்.
பத்தொன்பது நாளில் தார் ஊற்றினோம்.
அந்தக் கோப்பும் என் கையெழுத்துதான்.

ஒன்பதாவது மனு கொஞ்சம் நீளம்.
ஐப்பசி. கண்மாய் நிறைந்திருந்தது.
மனைவியை இடுப்பளவுத் தண்ணீரில் கொண்டுபோனோம்.
மகன் நவநீதன், வயது பன்னிரண்டு,
கொள்ளிச்சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி வந்தான்.
பாதியில் பள்ளம். நெருப்பு அணைந்துவிட்டது.
தீப்பெட்டி எடுக்க வீட்டுக்குத் திரும்பி நீந்தினான்.
இவ்வளவும் எழுதிவிட்டு, ஏதோ
தாளில் இடம் மிச்சமிருந்த மாதிரி,
"பையன் அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை."
அந்த வரியின் மேல்தான் என் முத்திரை விழுந்திருக்கிறது.

பத்தொன்பது வயதில் அவன் பேசினான்.
ஜீப்புக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு.
அதிகாரி மாடியில் கூட்டத்தில் இருந்தார்.
ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சேவுகப்பெருமாள்,
ஓட்டுநர், எனக்குத் தினமும் டீ வாங்கி வருபவர்,
காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே
போய்விட்டார்.
அவர் எந்த மனுவையும் படித்ததில்லை.
எதையும் தள்ளியதில்லை.
இதற்கு எந்தக் கண்மாயும் சமாதானம் ஆகாது.

அப்புறம் எல்லாம் வேகம்.
நாற்பது வீட்டுப் பானைகளைக் கவிழ்த்துத் தேடினார்கள்.
எந்த அமைப்பு, யார் பணம், என்ன பின்னணி என்று
டிவியில் இரவெல்லாம் கேட்டார்கள்.
பின்னணி என் மேசைக்குக் கீழே இருந்தது.
யாரும் குனியவில்லை. நானும்தான்.

கருணை அடிப்படையில் வேலை கிடைத்து
குணவதி வந்தார், சேவுகப்பெருமாள் மனைவி.
எனக்கு எதிர் நாற்காலி.
மூன்றாம் மாதம் அவர் கால் இடித்துப்
பெட்டி கவிழ்ந்தது.
மத்தியானம் சாப்பிடாமல் படித்தார்.
ஒன்பதாவதை இரண்டு தரம்.
பிறகு பதினான்கையும் டேக் போட்டுக் கட்டி
என் முன்னால் வைத்தார்.

"இதைத் திறங்க சார்."
தீர்வான கோப்பும்மா, என்றேன்.
"யாருக்கு?"

அவனை மன்னித்துவிட்டீர்களா என்று
கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
"ஆயுசுக்கும் உள்ளயே கிடக்கட்டும் அவன்.
கூண்டேறி நானே சொல்லுவேன்.
பாதை வேற சார்.
அடுத்த மழைக்கு முன்னாடி போடணும்.
இன்னொரு பிள்ளை தீப்பெட்டிக்குத் திரும்பக் கூடாது."

எண்பது மீட்டர் வரை கல் நட்டாயிற்று.
எதிர்மனுதாரர் தடையுத்தரவு வாங்கியிருக்கிறார்.
முத்திருளன் பதினைந்தாவது மனு தரவில்லை.
திங்கள்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்,
உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து.
போன வாரம் குணவதி எழுந்துபோய்
விசாரணைத் தேதி எழுதிய சீட்டை
அவர் கையில் கொடுத்தார்.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.

இந்த மாதக் கணக்கில் எழுதியிருக்கிறேன்
நிலுவை: ஒன்று.
மேலிடத்திலிருந்து என்னிடம்
விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.