மூன்றாம் அறையில் உறங்குபவன்

பசை காய ஏழு நிமிடம்.
அதுவரை யுவநேசன் பேசிக்கொண்டே இருந்தான்.
சித்தியவானிலிருந்து வந்து
உணவு டெலிவரியில் சேர்ந்து பதினொரு நாளாம்,
பாங்சாரின் மேட்டுச் சந்துகள் இன்னும் பிடிபடவில்லையாம்,
நேற்று யாரோ ஒருத்தியின் நாசி லெமாக்
ஒரே பள்ளிவாசலை மூன்று முறை சுற்றி வந்ததாம்.
இருபத்தொரு கம்பிகளையும் ஒட்டி முடித்தபோது
சௌ கிட் சந்தின் மின்கம்பம் போலிருந்தான்.
தானே படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினான்.

படுக்குமுன் ஒரு விளையாட்டு.
திரையில் ஊரில்லாத ஊர், பெயரில்லாத தெருக்கள்.
மஞ்சள் வீட்டில் புறப்பட்டுப் பச்சைக் கதவைச் சேர வேண்டும்.
நாற்பத்தெட்டு வினாடி. ஒன்பது முறை முட்டிக்கொண்டான்.
விடிந்ததும் இதே ஆட்டம்தான் என்றேன்.
"அதுக்குள்ள மறந்துடுமேக்கா."

விளக்கை அணைத்தேன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
கதவுப் பிடியில் தொங்கும்
தாப்பாவ் கட்டிவந்த கோப்பி ஓ,
வெளியே செராஸ் சாலையில்
எப்போதாவது ஒரு லாரி.

ஒன்றேகாலுக்கு அலைகள் பெருத்தன.
உயரமான, சோம்பேறி அலைகள்.
அவற்றின் முதுகில் அங்கங்கே
நூல் சுற்றிய கதிர்போல் ஒரு நடுக்கம்,
நடுவில் பருத்து நுனிகளில் மெலிந்து.
ஒரு வினாடிகூட இல்லை.
பிறகு இன்னொன்று.

இப்போது அவன் மறுபடி ஓட்டுகிறான்.
என் கம்பிகள் எட்டாத ஆழத்தில்
கடற்குதிரையைப் போல் வளைந்த ஒரு துண்டுச் சதை
மாலையின் திருப்பங்களை
மாலையைவிடப் பல மடங்கு வேகத்தில்
மேலடுக்குக்கு ஒப்பிக்கிறது:
மஞ்சள், வலம், வலம், முட்டு, திரும்பு.
சொல்லச் சொல்ல
ஒரு செல்லின் நுனி
பக்கத்துச் செல்லிடம் இன்னும் கொஞ்சம்
சத்தமாய்ப் பேசப் பழகுகிறது.
கற்றது என்கிறோமே,
அது இந்த அக்கம்பக்கப் பழக்கம்தான்.

எல்லாம் போய்ச் சேராது.
ஹெல்மெட்டுக்குள் வழிந்த வியர்வை,
லிப்டுக்கு முன் காவலாளி கேட்ட அடையாள அட்டை,
மிச்சம் தராத ஐந்து ரிங்கிட்,
இவை இரவோடு இரவாய்த் தளர்ந்து அவிழும்.
அவிழாவிட்டால் நாளைக்கு இடம் ஏது?

எனக்கும் அவிழாத ஒன்று உண்டு.
செந்தூல் வீட்டு வாசலில்
தயாளன் கடைசியாய் நின்றது.
நீலச் சட்டை. கையில் என் ரைஸ் குக்கர்.
ஆறு வருடமாய் அந்த நீலத்தை
எடுத்துப் பார்க்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன்.
போன மாதம் அவன் தங்கை அனுப்பிய படத்தில்
அதே நாள், அதே வாசல்.
சட்டை வெள்ளை.
குக்கர் அவள் இடுப்பில்.

பாடத்தில் படித்ததுதான்.
எடுக்கும் ஒவ்வொரு முறையும்
நினைவு ஈரமாகிவிடும்,
காய்வதற்குள் தொட்ட விரலின் ரேகையோடு
திரும்ப இறுகும்.
தொடாமல் வைத்தவளிடம்தான் அசல் இருக்கும்,
அவளுக்கோ அது இருப்பதே தெரியாது.
நீலம் நான் தோய்த்தது.
எந்த இரவில், எந்தக் கோபத்தில் என்பது
என் தலையிலும் யாராவது கம்பி ஒட்டியிருந்தால்
ஒருவேளை தெரிந்திருக்கும்.
தெரிந்தும் என்ன,
இப்போதும் கண்மூடினால் நீலம்தான்.

ஆறு மணிக்கு எழுப்பினேன்.
பசையோடு முடி பிய்ந்ததில் அம்மாடி என்றான்.
திரை. மஞ்சள் வீடு.
முப்பத்தொரு வினாடி, இரண்டு முட்டல்.
"கை தானா போகுதுக்கா. நான் ஒண்ணும் படிக்கலியே."
கனவு?
"மீன் கறி. ஆர்டர் கேன்சல்."
அதையும் குறித்துக்கொண்டேன்.

மருத்துவமனை தாண்டிய முதல் சந்திப்பில்
காஜாங்குக்கு வலது.
மூன்று வருடமாய் வலதுதான்.
சிவப்பில் நிற்கையில்
டிக் டிக்கென்று ஏதோ கேட்டது.
இடப்பக்க விளக்கு,
செந்தூல் பக்கம்.
போட்டது என் வலக்கைதான்.
என்னைக் கேட்கவில்லை.
பின்னால் லாரிக்காரன்
ஹாரனில் கையை வைத்தான்.