வரி சேர்க்காமல் முந்நூற்று நாற்பது

கையில் முந்நூற்றைம்பது டொலர்.
கடைக்காரப் பெடியன் கேட்டான்:
"என்னத்தைப் பிடிக்கப் போறீங்கள்?"

ஹொக்கிக் கோலுக்கு முன்னால் குனிந்து நிற்கிற
என்ர மகள் ஆரணியை, என்றேன்.
வினிப்பெக்கின் அந்த ஐஸ்தளத்தில்
கடைசி வாங்கிலிருந்து பார்த்தால்
அவள் சுண்டுவிரல் உயரம்.

"அப்ப சூம் வேணும்."
சூம் உள்ளதில் மைக் பூட்ட வழியில்லை.
மைக் உள்ளதுக்கு மங்கலில் கண் தெரியாது.
எல்லாம் உள்ளது
என் இரண்டு மாத இரவுவேலை.

கீறல் விழுந்த பழசொன்றை எடுத்தேன்.
வரியோடு முப்பது டொலர் எண்பது சதம் கூட;
பனிச்சப்பாத்து அடுத்த வருசம்.

சனிக்கிழமை முழுக்க அது
கண்ணாடித் தடுப்பின் அழுக்கையே
துல்லியமாய்ப் பிடித்தது.
ஏழு கோல் விட்டாள்.
ஒன்றும் தெளிவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தவள்
"நல்ல கமரா, அம்மா" என்றாள்.