அரைப் பல்

பானட்டின் மேல் மூன்று வட்டங்கள்.
வில்லாபுரம், மே மாதம், காலை பதினொன்று.
துண்டை விரித்துத்தான் வைத்தான் சிக்கந்தர்,
தகரம் அப்படிக் காய்ந்து கிடந்தது.

ஒன்று, வண்டியோடு பிறந்தது.
பதினாறு அங்குலம், கறுப்பு, மெலிந்த கம்பிகள்,
கடிகாரத்தில் ஏழு வரும் இடத்தில் விரிசல்.
உட்கார்ந்தால் அதற்கும் என் தொடைக்கும் நடுவே
ஒரு தோசைக்கரண்டி நுழையாது.
கிளட்சை மிதிக்கும்போதெல்லாம்
முழங்கால் அனுமதி கேட்க வேண்டும்.

இரண்டாவது மரம். பதின்மூன்று அங்குலம்.
தேன் நிறம், சுற்றிலும் பித்தளை ஆணிகள்.
கோயமுத்தூரில் யாரோ ரேஸ்காரர் வீட்டு ஏலத்தில் வந்தது.
பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிட்டேன்.
பிறகு தொட்டேன்.
கூரையில்லாத வண்டி, கத்தரி வெயில்.
சுட்ட விரல்கள்
என் பிழைப்பு நடத்தும் விரல்கள்.

மூன்றாவது தோல். பதினான்கு.
அலுமினியக் கால்கள் மூன்று, காலுக்கு நாலு துளை.
அழகில் இரண்டாம் பரிசுதான்.
ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டியபோது
கட்டை விரல்கள் இரண்டும்
கேட்காமலே போய் உட்கார்ந்துகொண்டன.

"மரத்த எடுங்க டாக்டர், போட்டோவுக்கு நல்லாருக்கும்."

போட்டோ எடுப்பவர் வெளியே நிற்பார், சிக்கந்தர்.
நான் உள்ளே.

பழையதைக் கழற்றும்போது சொன்னான்:
"நட்ட முழுசா எடுத்துராதீங்க. நாலு சுத்து விட்டு வைங்க.
போன வருசம் காளவாசல்ல ஒருத்தர்
இழுத்த இழுப்புல ஸ்டியரிங்கு மூஞ்சிக்கு வந்து
முன்பல்லு ரெண்டும் போச்சு."

தெரியும் என்றேன்.
என்னிடம்தான் வந்தார்.

இரண்டு முழங்காலாலும் முட்டி, உலுக்கி, திட்டி,
'டொக்' என்று விட்டுக்கொடுத்தது.
உள்ளே தண்டின் தலையில் பற்கள்.
எண்ணாமல் இருக்க முடியவில்லை: முப்பத்தாறு.
மனித வாயைவிட நாலு கூட.

ஜெய்ஹிந்துபுரம் இன்னாசி லேத்தில் கடைந்து தந்த குமிழ்
எண்ணெய் தடவியதும் இறங்கியது.
முன்சக்கரங்கள் நேராக நிற்கின்றன,
ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்கிறது.
ஒரு பல் தள்ளி மாட்டினோம்.
வலப்பக்கம் சாய்ந்தது.
மறுபடி இடம், மறுபடி வலம்.
நேர் என்பது
இரண்டு பற்களுக்கு நடுவில், இல்லாத பல்லில் இருந்தது.

"இடமே இருக்கட்டும். கீழ ராடுல சரி பண்ணிருவோம்,
வர்ற வாரம்."

தெற்குவாசல் பாலம் இறங்கும் வரை ஒன்றுமில்லை.
கீழவாசலில் இடது திரும்பினேன்,
ஹாரன் தானாக அலறியது.
முன்னால் போன முட்டை வண்டிக்காரர்
என் குடும்பத்தை விசாரித்ததில் நியாயம் உண்டு.
வலது திரும்பினால் மௌனம்.
இடது என்றால் ஒப்பாரி.
வீடு வரைக்கும் வலது வலதாகச் சுற்றிப் போனேன்,
பிரதட்சணம்.

சிக்கந்தர் மூன்று முறை பிரித்தான்.
டேப் சுற்றினான், ஒயரை மாற்றினான், பீடி பற்றவைத்தான்.
நாலாம் முறை கிளினிக்கிலிருந்து
நீலத் தாள் ஒரு துண்டு கொண்டுபோனேன்.
சொத்தை அடைத்ததும் பல்லிடையே வைத்து
கடிங்க, இன்னொரு தரம் கடிங்க என்போமே, அந்தத் தாள்.

குமிழுக்கும் தண்டுக்கும் நடுவே செருகி
இடது பக்கம் மெல்லத் திருப்பினேன்.
பிரித்தால், குமிழின் உள்விளிம்பில்
துவரம்பருப்பு அளவு நீலம்.

உயரம் அங்கே.
அரம் மூன்று இழுப்பு.
மறுபடி தாள், மறுபடி கடி. சுத்தம்.
கொப்பளித்துத் துப்பச் சொல்லாததுதான் பாக்கி.

சிக்கந்தர் அந்தத் தாளை
வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.
"ஒரு கட்டு என்ன வெல டாக்டர்?"

ராடு துருப்பிடித்து இறுகிவிட்டது.
'வர்ற வாரம்' வந்து ஆறு வாரம் ஆயிற்று.
ஞாயிறு விடியலில் நத்தம் பறக்கும் பாலம்,
அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி கிடக்கிறது.
என் கையில் ஸ்டியரிங்
பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷம் குறைவாக.

இடப்பக்கம் பைக்கில் வந்த பையன்
உள்ளே எட்டிப் பார்த்தான்,
நான் அவன் மேல் திரும்பப் போகிறேன் என்று
சட்டென்று வேகத்தைக் குறைத்தான்.

தம்பி, நேராகத்தான் போகிறேன்.