ஐந்தாவது குடுவை

ஸ்வோல்வார் துறைமுகத்தில்
மீன் ஈரல் எண்ணெய் எத்தனை நாளில் கெடும் என்று
அளந்து சொல்வது என் வேலை.
பதினாறு வருடம்.
"இவள் தோருன், கெட்டுப்போவதில் நிபுணர்" என்று
பீர் கடையில் எய்வின் என்னை அறிமுகம் செய்வான்.

எண்ணெய் ஒரே நாளில் கெடுவதில்லை.
ஒரு கொழுப்பு தன் ஹைட்ரஜனைப் பறிகொடுக்கும்.
பறிகொடுத்தது பக்கத்து வீட்டில் பிடுங்கும்,
பக்கத்து வீடு அடுத்த வீட்டில்.
கைமாற்று வாங்கியே வாழ்ந்த தெரு மாதிரி
கடைசிக் கதவு வரை திவால்.
அந்தத் தெருவின் வாடைக்குத்தான்
காறல் என்று பெயர்.

நடுவில் ஒரு சொட்டு பீனால் விழுந்தால்
பிடுங்கல் நிற்கும்.
இந்தா, என்னுடையது, என்று நீட்டிவிடும் அது.
கொடுத்த பிறகு அதுவும் ஏழைதான்;
ஆனால் பிடுங்கப் போகாத ஏழை.
தன் குறையை வளையம் முழுக்கப் பரப்பிவிட்டு
சும்மா நிற்கும்.
தோளோடு தோளாக இருபுறமும் இரண்டு பருத்த கிளைகள்,
மாப்பிள்ளைத் தோழர்கள் போல,
யாரையும் நெருங்க விடாமல்.

அக்டோபரில் ஐந்து குடுவை வைத்தேன்.
ஒன்றில் வெறும் எண்ணெய்.
ஒன்றில் வைட்டமின் ஈ.
ஒன்றில் ஓமம் மணக்கும் தைமால்.
ஒன்றில் மீன்தீவன ஆலைகள் மூட்டையாக வாங்கும் மலிவுச் சரக்கு.
ஐந்தாவதில், தைமாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி:
அறுவை அரங்குகளில் மனிதர்களை
அணைத்துவிடும் மருந்து.

நவம்பரில் எனக்கே வலி வந்தது.
பித்தப்பையில் ஏழு கல்.
சொந்தக் கொழுப்பைக் கவனிக்கவில்லை, நிபுணர்.

போடோவில் நடுப்பகலிலும் இருட்டு.
மயக்க மருத்துவர் ஹால்வார்ட்
வெள்ளை ஊசியைத் தூக்கிக் காட்டினார்:
"பால் மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள்."
பால் இல்லை, என்றேன்,
சோயா எண்ணெய், முட்டைக்கருவின் கொழுப்பு,
தண்ணீரோடு ஒட்டாத பீனால்.
"பொதுவாக எல்லாரும்
தங்கள் பூனையைப் பற்றித்தான் பேசுவார்கள்" என்றார்.

கொஞ்சம் எரியும் என்றார்.
எரிந்தது, முழங்கை வரைக்கும்.
தீயை நிறுத்துவது ஏன் இப்படித் தீயாக என்று நினைக்க

 

ஒரு மணி நாற்பது நிமிடம்.
கனவுகூட இல்லை.
யாரோ என் பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள்,
அதற்குத் திரும்பினேன்.

என் தலைக்குள் இருக்கும் கொழுப்புக்கு
அது ஏதாவது கொடுத்ததா என்று கேட்டேன்.
ஹால்வார்ட் தோளைக் குலுக்கினார்.
எனக்கும் தெரியும்:
குடுவையில் ஊற்றியது ஒரு கை தாராளம்,
குருதியில் ஓடியது சொற்பம்.
இது அதுதான் என்று எந்த அறிக்கையிலும்
கையெழுத்துப் போட மாட்டேன்.
ஆனாலும் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன்.
முதல் குடுவை கதவுக்கு வெளியிலேயே வரவேற்றது.
ஐந்தாவது, மஞ்சள்.
கொடுத்து முடித்த இரண்டிரண்டு பேர்
ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டால் வரும் நிறம்.
எய்வின் சீட்டு ஒட்டியிருந்தான்:
"நிறம் மாறிவிட்டது. கொட்டிவிடவா?"

மூடியைத் திறந்து மோந்தேன்.
கடல் மட்டும்.

புறங்கையில் ஊசி போட்ட இடம்
ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது.
கையைக் குடுவைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒரே மஞ்சள் இல்லை.
வேதியியலும் வேறு.

சீட்டின் அடியில் எழுதினேன்:
இருக்கட்டும்.
இன்னும் ஒரு வாரம்.