எப்போதும் எட்டு

கிதினியா. டிசம்பர். நான்காம் மாடிச் சமையலறை.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
பனியில் பாதி அழிந்திருந்தன.
மேசையில் ஊறிய வெள்ளரிக்காய், இரண்டு பகடை,
நாங்கள் மூன்று பேர்,
நான்காவதாக ஒரு தாள்.

தாள் திமோனுடையது.
பொறியாளர், வயது நாற்பத்தொன்று, இடது கை உலோகம்
என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறான்.
மூலையில் அவன் பீர்க் குவளையின் வட்டம்.

செப்டம்பரில் சண்டை போட்டுக்கொண்டு போனவன்.
இருநூறு டன்னுக்குக் குறைந்த விண்கலத்தில்
எஞ்சின் அறைக்கு ஆள் வேண்டாம், எந்திரமே போதும்
என்கிறது விதிப்புத்தகம், நூற்றுப் பதினான்காம் பக்கம்.
"வால்வு முனகுவது
பக்கத்துக்குக் கேட்குமா?" என்றான்.
கிங்கா ஆட்டத்தை நடத்துபவள்,
விண்மீன்கள் மொத்தமும் அவள் பொறுப்பு.
அந்தப் பக்கத்தையே திருப்பி அவன் முன் வைத்தாள்.
அவன் கோட்டை எடுத்தான்.
பூட்ஸ் கயிறு கட்ட வெகுநேரம் ஆயிற்று.
அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் எஞ்சினைத் தானியங்கியிடம் கொடுத்தோம்.
அது பகடை உருட்டாது.
அதற்கு எப்போதும் எட்டு.
கொள்ளையர் துரத்தினாலும் எட்டு,
குளிர்விப்பான் வெடித்தாலும் எட்டு,
எட்டு இருந்தால் எல்லாம் நடந்துவிடும்.

வித் எங்கள் விமானி. ஒன்றும் ஒன்றும் விழுந்து
ஒரு நிலாவின் முதுகை உரசியிருக்கிறான்.
நான் பீரங்கிக்காரி.
என் முதல் குண்டு துளைத்தது
எங்கள் சரக்கறையை,
அதிலிருந்த ஆறாயிரம் முட்டைகளை.
அந்த முட்டைகளை வைத்து ஒரு குளிர்காலம் சிரித்தோம்.
எட்டைப் பற்றி
யார் என்ன கதை சொல்ல?

நேற்று மாதக் கணக்கு. அது என் வேலை.
எரிபொருள், நிறுத்துகூலி, காற்று வடிகட்டி,
வித்துக்கு ஆறாயிரம்,
எனக்கு இரண்டாயிரம் (முட்டைக் கடன் போக),
பொறியாளருக்கு நாலாயிரம்.

கிங்கா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"நாலாயிரம் யாருக்கு?"
"தானியங்கிக்கு."
"அதற்குச் சம்பளம் கிடையாது. அதே பக்கத்தில் இருக்கிறது."
தெரியும்.
கலத்தின் காலண்டரில் நாலு மாதமாகத் தெரியும்.
பதினாறாயிரம், தனி உறையில்,
தொடாமல் கிடக்கிறது.

கலத்தை வாங்கிய கடனுக்குத் தவணை நாளை.
குறைவது பதினைந்தாயிரத்துச் சொச்சம்.
வித் உறையைப் பார்த்தான்,
பிறகு வெள்ளரிக்காயை,
பிறகு காலி நாற்காலியை.
"வேறு வழி பார்ப்போம்" என்றான்,
வேறு வழி எதுவும் இல்லாத குரலில்.

கிங்கா புத்தகத்தைத் தேடவில்லை.
தன் அட்டைத் தடுப்புக்குப் பின்னால்
பகடையை உருட்டினாள்.
ஒன்று மேசையிலிருந்து விழுந்து
அடுப்புக்கு அடியில் போனது.
குனிந்து எட்டிப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"வங்கி ஒரு மாதம் பொறுக்கிறதாம்" என்றாள்.

என்ன விழுந்தது என்று
நாங்கள் கேட்கவில்லை.