கணக்கில் வராத தூண்

காற்றாடி மூன்றும் சுற்றுகின்றன.
விளக்கு எரிகிறது, நான் கேட்காத ஊதாவில்.
மானிட்டர் மட்டும்
'சிக்னல் இல்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டுக்
கண்ணை மூடிக்கொள்கிறது.

காரைக்குடி, கழனிவாசல், மாடி அறை.
மணி பன்னிரண்டே முக்கால்.
கீழே வீட்டுக்காரர் இருமுகிறார்.
சுவிட்சை நான் அணைத்து அணைத்துப் போடுவது
கேட்டிருக்கும்.

உதிரியாய் வாங்கி நானே பூட்டியது.
ப்ராசஸர் சென்னையிலிருந்து பார்சல் பஸ்ஸில்,
ரேம் இரண்டும் மதுரையில்.
பெட்டி மட்டும் பழசு,
செக்காலை ரோட்டில் மூடிய பிரௌசிங் சென்டரில்
எண்ணூறு ரூபாய்.
பக்கவாட்டில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
'ஒரு மணி நேரம் இருபது. செருப்பை வெளியே விடவும்.'

வியாழனுக்குள் கொடுக்க வேண்டும்
கானாடுகாத்தான் கல்யாணத்தை.
நாலு கேமரா, பதினோரு மணி நேரம்.
பழைய லேப்டாப்பில் ஏற்றினால்
மாலை மாற்றுவதற்குள்
பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

தேவகோட்டை ஜெசிந்தா வாய்ஸ் அனுப்பினாள்:
"ஒவ்வொண்ணா கழட்டுடி.
எல்லாத்தையும் ஒரே நேரத்துல சந்தேகப்படாத."

கேபிளை மாற்றினேன்.
கார்டைப் பிடுங்கி, தங்கப் பல்லை
அழிரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
ரேமை இடதில், வலதில்,
இது மட்டும், அது மட்டும்,
பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல
இடம் மாற்றி இடம் மாற்றி உட்காரவைத்தேன்.
பொத்தான் பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தேன்,
எதையாவது நினைத்துக் குழம்பியிருந்தால்
மறக்கட்டும் என்று.
மறந்தது.
வரவில்லை.

பீப் என்று அழுதாலாவது
எங்கே வலி என்று தெரியும்.
வாய் வாங்கிக் கொடுக்கவில்லை நான்.
ஸ்பீக்கர் முப்பது ரூபாய்,
அன்றைக்கு மிச்சம் பிடித்தேன்.

ஒன்றரைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.
மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டிமேலேயே
கிடத்தி, ஒரே ஒரு ரேம், கார்டு,
பவர் பட்டன்கூட இல்லாமல்
ஸ்க்ரூடிரைவர் முனையால்
இரண்டு பின்னைத் தொட்டேன்.

வந்தது.
கறுப்பில் கம்பெனி பெயர்,
அதன் கீழே
ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒன்று.

திரும்பப் பெட்டிக்குள் பூட்டினேன். இருட்டு.
எடுத்தேன். வெளிச்சம்.
பூட்டினேன். இருட்டு.

அப்படியானால் குற்றம்
குடியிருப்பவர்கள்மேல் இல்லை.
வீட்டின்மேல்.

காலிப் பெட்டியைப் படுக்கப் போட்டு
செல்போன் டார்ச் அடித்தேன்.
பலகையைத் தாங்கும் பித்தளைத் தூண்கள்,
ஒவ்வொன்றும் உளுந்தை விடக் கொஞ்சம் உயரம்.
பலகையில் ஓட்டை எட்டு.
தூணை எண்ணினேன், ஒன்பது.
விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
ஒன்பது.

இந்த ஊரில் தூணை யார் எண்ணுவார்கள்?
போன வாரம் முழுக்க
கேமராவைத் தூண் தூணாக நகர்த்தியவள் நான்.
எத்தனை என்று கேட்டால் தெரியாது.
தாலி கட்டும்போது முகத்தை மறைத்த ஒன்றை மட்டும்
நன்றாக ஞாபகமிருக்கிறது.

பிரௌசிங் சென்டர்க்காரர் எப்போதோ
வேறொரு பலகைக்காக நட்டது.
அன்றைக்கு அது தாங்கியிருக்கும்.
இன்றைக்கு அது தொடுகிற இடத்தில்
ஓட்டை இல்லை, ஈயப் பொட்டுகள்.
ஒரு தப்பும் செய்யாமல்,
நின்ற இடத்தில் நின்றே
ஷார்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

குறடால் நாலு திருகு.

இரண்டே முக்காலுக்கு ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன்:
"ஒரு தூண் ஜாஸ்தி."
விழித்துத்தான் இருந்தாள்.
"செட்டிநாட்டுல அதெல்லாம் ஒரு கம்ப்ளெயின்ட்டா?"

இப்போது மூன்று சதவீதம் ஓடியிருக்கிறது.
பெண் இன்னும் காரிலிருந்து இறங்கவில்லை.
கீழே இருமல் நின்றுவிட்டது.
கழற்றியதை மேசைமேல் நிறுத்திவைத்திருக்கிறேன்,
எதையும் தாங்காமல்
நேராகத்தான் நிற்கிறது.
நாளைக்கு
மறக்காமல் ஒரு ஸ்பீக்கர் வாங்க வேண்டும்.